ஆறரை ஆண்டுகள்

1

2023 ஜூன் 26, திங்கட்கிழமை. காலை 5:10க்கு எழுந்தேன். 5:30க்கு மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கோடையில் முப்பது ஆகும். பால் இரண்டு பாக்கெட். மனைவி மல்லிகா தோசை ஊற்றினாள், நான் நான்கு, மகள் இரண்டு. 6:40க்குத் தெருமுனையில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நின்றபோது நான் ஏறவில்லை. ஓட்டுநர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கையசைத்து அனுப்பிவிட்டேன். அரை நாள் விடுப்பு. காரணத்தை முந்தைய நாளே நாட்குறிப்பில் எழுதியிருந்தேன்: "தே.மொ. படிப்புச் சான்று. பள்ளி, 10 மணி."

தே.மொ. என்பது தேன்மொழி, என் மகள். பி.யு.சி. முடித்திருக்கிறாள், ஊரில் பிளஸ் டூ என்பதை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த ஐந்தரை வருடப் பட்டப்படிப்பில் சேர விண்ணப்பித்திருக்கிறாள். புதன்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு.

நான் திண்டிவனத்துக்காரன். பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவுக்கு வந்து இருபத்தொரு வருடம். ஊரில் இதைப் படிக்கிறவர்கள், பெங்களூரில் இருப்பவனெல்லாம் அயல்தேசக் குறிப்பு எழுதலாமா என்று கேட்கலாம். நியாயம்தான். நான் கடல் தாண்டவில்லை, மாநில எல்லையில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியை மட்டும் தாண்டினேன். விசா இல்லை, நாணயம் ஒன்றே. ஊருக்குப் போகும்போது நடத்துனரிடம் கன்னடத்தில் "ஒந்து நிமிஷா" என்று வாய் தவறிச் சொல்லி முறைப்பு வாங்குவதைத் தவிரப் பெரிய சிரமம் ஒன்றும் இருந்ததில்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டி வரும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பிறகு தேவைப்படும். பொம்மசந்திராவில் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவு. எங்கள் பதிவேடுகளில் ஒயிட்னர் பூசக் கூடாது. ஓர் அளவைத் தவறாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான அளவு, சுருக்கொப்பம், தேதி. கோட்டுக்கு அடியில் பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். என் நாட்குறிப்புகளையும் அப்படியே எழுதி வருகிறேன்.

2

இந்தப் படிப்பு அவளுக்குள் எப்படி வந்தது என்பதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஊரடங்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு என் முதுகுத்தண்டில் வட்டு ஒன்று விலகி, நடக்க முடியாமல் போனது. அறுவைக்கு முன்னால் வேறு ஏதாவது செய்து பார்க்கலாம் என்று நகரத்துக்கு வெளியே ஓர் இயற்கை மருத்துவமனையில் பத்து நாள் சேர்த்தார்கள். விடிகாலையில் இடுப்புக் குளியல். காலை எட்டரைக்கு வயிற்றின் மேல் ஈர மண் பட்டி, இருபது நிமிடம். உப்பில்லாத சாப்பாடு.

தேன்மொழி அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பார்க்க வந்திருந்தாள். சின்ன வயது டாக்டர் அம்மா ஒருவர் மண் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் என் பிரிவுக்காரனின் புத்தியோடு கேட்டேன்.

"வலி முதுகுல இருக்கு. மண்ணை வயித்துல போடறீங்களே டாக்டர், இதை எதை வெச்சு அளப்பீங்க?"

"மண்ணு முதுகுக்கு இல்ல சார்," என்றார் அவர். "இந்த மாதிரி கேள்வி கேக்கற சூட்டுக்கு."

என் மகள் சத்தமாகச் சிரித்தாள். பிறகு அந்த டாக்டர் என் முதுகில் கட்டைவிரலை வைத்து ஒவ்வொரு இடமாக அழுத்தி, "இங்கயா, இங்கயா" என்று கேட்டுக்கொண்டே போனதை அவள் கட்டிலின் காலடியில் நின்று கண் எடுக்காமல் பார்த்தாள். பதினோராம் நாள் நான் நடந்து வீட்டுக்கு வந்தேன். மண்ணாலா, படுக்கையாலா, பட்டினியாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்றுதான் நாட்குறிப்பில் இருக்கிறது.

அவளுக்கு அந்தக் கட்டைவிரல் மனதில் நின்றுவிட்டது. பி.யு.சி.யில் உயிரியல் எடுத்தாள். வகுப்புத் தோழிகள் எல்லோரும் எம்.பி.பி.எஸ்., இல்லாவிட்டால் பொறியியல் என்று இருக்க, இவள் முதல் விருப்பமாகவே இதை எழுதினாள். மல்லிகாவின் அண்ணன் ஊரிலிருந்து போனில் கேட்டார்: "மண்ணு பூசறதுக்கு அஞ்சரை வருசமாம்மா?"

"ஆமா மாமா. மொத நாலரை வருஷம் எந்த மண்ணுன்னு சொல்லித் தருவாங்க," என்றாள் இவள்.

அவர் சிரித்துவிட்டு, "டாக்டர்னு போட்டுக்கலாம் இல்ல?" என்று மட்டும் உறுதி செய்துகொண்டார்.

பொது நுழைவுத் தேர்வில் நல்ல தரவரிசை வந்தது. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிடும் தரவரிசை அது. ஒதுக்கீடு இல்லையென்றால் தனியார் கல்லூரியின் நிர்வாக இடம்தான். அது எங்களுக்கு எட்டாது. ஆகவே எல்லாமே ஒரு விதியில் நின்றது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்குள், மாணவர் ஏழு முழுக் கல்வியாண்டுகள் இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும்.

3

நான் மார்ச் மாதத்திலேயே எண்ணிவிட்டேன். தேன்மொழியின் பெயரில் நீலநிறக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஆண்டு இறுதி மதிப்பெண் அட்டைகள் வரிசையாக உள்ளன. ஐந்தில் ஓசூர்ப் பள்ளியின் முத்திரை. ஏழில் கர்நாடக முத்திரை. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. தர ஆய்வில் இறுதி முத்திரை எங்கே விழுகிறதோ அதுதான் கணக்கு. அதே பழக்கத்தில் எண்ணி, கோப்பின் மேலட்டையில் "ஏழு, சரி" என்று எழுதி வைத்தேன்.

சந்தாபுராவில் குடியிருந்துகொண்டு பிள்ளையை ஓசூரில் சேர்த்தது என் முடிவு. இங்குள்ள பள்ளிகளில் தமிழ் கிடையாது. அவள் தமிழ் பேசுவாள், எழுதப் படிக்கத் தெரியாமல் போய்விடும் என்று பயந்தேன். எல்லை தாண்டினால் தமிழ்ப் பாடம் உள்ள பள்ளி, அரை மணி தூரம். முதல் மூன்று வருடம் மல்லிகா கூடவே போய் வந்தாள். பிறகு இதே பகுதியின் வேறு இரண்டு பிள்ளைகளோடு வேன்.

ஆறாம் வகுப்பில் செப்டம்பர் மாதம், காவிரிப் பிரச்சினையில் எல்லையில் வண்டிகள் நின்றுபோயின. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வேன் இந்தப் பக்கம் வர முடியவில்லை. ஓட்டுநர் பிள்ளைகளை எல்லைக்கு அந்தப் பக்கமே, ஜூஜூவாடியில் ஒரு மளிகைக் கடையில் இறக்கிவிட்டுப் பெற்றோர்களுக்குப் போன் செய்தார். எங்கள் வீட்டு எண்களில் அவரிடம் இருந்தது என்னுடையது மட்டும்தான். எங்கள் பிரிவில் கைபேசி உள்ளே கொண்டுபோகக் கூடாது. ஷிஃப்ட் முடியும் வரை அது லாக்கரில் கிடந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளை வந்து அழைத்துப் போய்விட்டார்கள். நான் அத்திப்பள்ளியிலிருந்து நின்றிருந்த லாரிகளின் ஓரமாக நடந்து போய்ச் சேர்ந்தபோது நேரம் 7:25. அந்தக் கடைப் படியில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு மேல். அன்று இரவு மல்லிகா, "இனிமே அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்" என்றாள். சந்தாபுராப் பள்ளிக்கு மாற்றினோம்.

பத்து மணிக்கு அந்தப் பள்ளியின் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா ரத்னம்மா. நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர், மூன்று தலைமுறையாகப் பெங்களூர். ஒரே வாக்கியத்தில் தமிழில் கிளம்பிக் கன்னடத்தில் போய் இறங்குவார்.

"குந்துங்க ஸார். தேனுவுக்குத்தானே? ரேங்க் வந்துச்சாமே?"

எண்ணைச் சொன்னேன்.

"அப்ப சீட்டு கன்ஃபர்ம். ஸ்வீட்டு பாக்ஸ் இல்லாம வெறுங்கையோட வந்துக்கிறீங்க. பரவால்ல, சீட்டு வரட்டும், விட மாட்டேன்." விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே எண்ணினார். "ஆறுலேர்ந்து பத்து, அஞ்சு வருஷம். பியூசி ரெண்டு. ஏழு, ஆய்த்து. அளந்து வெச்ச மாரிகீது ஸார், உங்க ஃபேக்டரி கணக்கா."

தாள் அச்சாகி வந்தது. அதை வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியவன் நான். வழக்கம் விடவில்லை.

"மேடம், ரெஜிஸ்டர்ல ஒரு தடவை சரிபாத்துடலாமா?"

"டைப் ஆய்த்தே ஸார், சும்னே எதுக்கு?" என்றார். ஆனாலும் எழுந்து போய் அந்த வருடத்துச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்து புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

சேர்ந்த தேதி: 14-11-2016.

நவம்பர். குழந்தைகள் தினம். முதல் நாளே லட்டு கொடுத்தார்கள் என்று அவள் வீட்டுக்கு வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. கோப்பிலிருந்த ஆறாம் வகுப்பு அட்டையில் இந்தப் பள்ளியின் முத்திரை இருக்கிறது. அது மார்ச் மாதத்து முத்திரை. மாற்றுச் சான்று வந்து சேரும் வரை, ஜூனிலிருந்து நவம்பர் வரை, அவள் பெயர் ஓசூர்ப் பள்ளியில்தான் இருந்தது. அங்கே ஐந்தரை வருடம், இங்கே ஆறரை. இரண்டு மாநிலமும் ஆளுக்கொரு அரை வருடத்தை வைத்துக்கொண்டிருந்தன.

"ஏழு முழுக் கல்வியாண்டுன்னு இருக்கே மேடம்," என்றேன்.

ரத்னம்மா கண்ணாடியை மூக்கின் கீழே இறக்கினார். "ஸார், ஃபார்ம் பாருங்க. வருஷந்தான் கேக்கறாங்க. மாசம் கேக்கல, தேதி கேக்கல. ரெண்டாயிரத்துப் பதினாறு, பதினேழு. அந்த வருஷம் அவ இங்க படிச்சாளா இல்லியா? இதுல இன்னா பொய் இருக்குது?"

ஒன்றும் இல்லைதான். அந்தத் தாளில் ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

"புள்ள கஷ்டப்பட்டு ரேங்க் வாங்கிக்கிது. யோசிக்காதீங்க," என்று பதிவேட்டை மூடினார். தலைமையாசிரியை கையெழுத்திட்டார், முத்திரை விழுந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அதையும் எழுதியாக வேண்டும்.

4

மதியம் வேலைக்குப் போய்விட்டு மாலை 6:50க்கு வீடு திரும்பினேன். சாப்பாட்டு மேசையில் மல்லிகா எல்லாத் தாள்களையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டு, பி.யு.சி. மார்க்ஸ் கார்டு, தரவரிசைத் தாள், நான் கொண்டுவந்த படிப்புச் சான்று. கடைசியாக உறுதிமொழிப் படிவம். அதில் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது வரியில் அந்தச் சொற்கள் அச்சாகியிருந்தன: ஏழு முழுக் கல்வியாண்டுகள். பொய்யென்று தெரிந்தால் எந்த வருடத்திலும் இடம் ரத்தாகும் என்று கீழே.

நடந்ததைச் சொன்னேன். தேன்மொழி முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள்.

மல்லிகாதான் முதலில் பேசினாள். "யாருங்க ஒக்காந்து மாசத்தை எண்ணப் போறாங்க? ஆயிரம் புள்ளைங்க வருதுங்க. கையெழுத்த போடுங்க."

"எண்ண மாட்டாங்க. ஆனா நாலாவது வருஷம் எவனாவது எண்ணிட்டா?"

"எவன் எண்ணுவான்? உங்களத் தவிர எவனுக்கு இந்த வியாதி இருக்கு? அந்தம்மா டைப் பண்ணிக் குடுத்துச்சு, வாங்கிட்டு வர வேண்டியதுதான? ரெஜிஸ்டர எடுக்கச் சொன்னீங்களே."

தேன்மொழி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "இருங்கம்மா. அப்பா, நான் கேட்டனா என்னை ஓசூர்ல போடச் சொல்லி? ஒன்னாங்கிளாஸ்ல கேட்டனா? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கயே படிச்சாங்க. பன்னெண்டு வருஷம் அவங்களுக்கு. யாரும் ரெஜிஸ்டர் பாக்க வேண்டியதில்ல. நான் தமிழ் படிக்கணும்னு நீங்க ஆசப்பட்டீங்க. படிச்சேன். இப்ப அதுக்குப் பனிஷ்மென்ட் எனக்கா?"

அவள் முன்னாலிருந்த படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மாற்று வழி ஒன்றைச் சொன்னேன், தமிழ்நாட்டில் விண்ணப்பிப்பது. தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மல்லிகா தாய்வீட்டுக்குப் போனாள். ஆகவே தேன்மொழி பிறந்தது திண்டிவனத்தில். பிறப்புச் சான்று அந்த நகராட்சியுடையது. என் பள்ளிச் சான்றுகளும் அங்கேதான். தமிழ்நாட்டில் இதே படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். விண்ணப்பம் இன்னும் தொடங்கவில்லை. வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைகள், தாங்கள் அந்த மாநிலத்தவர் என்று வட்டாட்சியரிடம் நேட்டிவிட்டி சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம். இருபத்தொரு வருடமாக அங்கே எங்களுக்கு ரேஷன் அட்டைகூட இல்லை.

"அங்க போனா என்னைக் கன்னடக்காரிம்பாங்க," என்றாள் தேன்மொழி. "போன லீவுல மாமா வீட்டுல அப்படித்தான் கூப்டாங்க. இங்க ஸ்கூல்ல தமிழ் பொண்ணு. எங்கதாம்பா நான் லோக்கல்?"

மல்லிகா எழுந்து போய்ச் சாம்பாரைச் சூடு செய்தாள். நான் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, மறுபடி மூடி வைத்தேன்.

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்மா," என்றேன். "நீ போடறதுன்னாலும் என் கையெழுத்து இல்லாம செல்லாது. அதனால தடுக்கறது நான்தான். உன் மேல இது வராது."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல் சாத்தியதுதான் கஷ்டமாக இருந்தது.

5

சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "அந்த வருஷத்து டைரி இருக்கா?" என்றாள்.

இருபத்தொரு வருட நாட்குறிப்புகளும் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன. 2016ஐ எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் புரட்டி, சுட்டுவிரலை வரிக்கு அடியில் ஓட்டி, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். அவளுடைய தமிழ் வாசிப்பு மெதுவானது. ஆறாம் வகுப்போடு நின்றது. முதலில் நவம்பருக்குப் போனாள்.

"திங்கள். தே.மொ. புதிய பள்ளி. சீருடை ஒரு ஜோடி, இன்னொன்று வெள்ளிக்கிழமை. ஓசூரில் ஐந்தரை வருடம் முடிந்தது. இங்கே பன்னிரண்டு வரை படித்தால் ஆறரை." நிமிர்ந்தாள். "ஆறரைன்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்கப்பா. ஆறரை வருஷம் முன்னாடியே."

மல்லிகா கையிலிருந்த கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "அட ராமா. அன்னிக்கே அளந்துட்டாரா மனுசன்."

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு வரவில்லை. நானே எழுதியதை நான் மறந்திருக்கிறேன் என்பது என் வேலையில் சிறிய பிழை அல்ல.

பிறகு அவள் பின்னோக்கிப் புரட்டி செப்டம்பர் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். சிரிப்பு நின்றது. "வேன் ஜூஜூவாடியில் நிறுத்தம். தே.மொ. 4:10 முதல் 7:25 வரை மளிகைக் கடைப் படியில். நான் அத்திப்பள்ளியிலிருந்து நடை. அழவில்லை." விரலை அந்த இடத்திலேயே வைத்திருந்தாள்.

"இது தப்பு."

"எது?"

"அழுதேன்பா. ரொம்ப நேரம் அழுதேன். அந்தக் கடைக்காரம்மா பேரு கேட்டாங்க, அதுகூட சொல்ல முடியல. அப்புறம் ஒரு லாரி டிரைவர் குடத்துலேர்ந்து தண்ணி ஊத்தி மூஞ்சி கழுவி விட்டாரு. கன்னடக்காரரு. நீங்க வருவீங்கன்னு, 'அப்பா பர்த்தாரே, அப்பா பர்த்தாரே'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. நீங்க வர்றது தூரத்துலயே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அழல."

மல்லிகா அடுப்பை அணைத்தாள். எங்கள் இருவருக்கும் இது தெரியாது.

"ஏம்மா அப்ப சொல்லல?"

"நீங்க வந்ததும் மணி பாத்தீங்க. அப்புறம் என்னைப் பாத்து, 'பரவால்ல, அழாம இருந்திருக்க'ன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு ரத்னம்மா மேடம்கிட்ட நானும் வரேன். சர்ட்டிஃபிகேட்ல தேதி போட்டே குடுங்கன்னு கேக்கலாம். அதை எடுத்துட்டு வெரிஃபிகேஷன் போலாம். எலிஜிபிள் இல்லன்னா அவங்க சொல்லட்டும், நாமளா வீட்டுல ஒக்காந்து சொல்லிக்க வேணாம். வெள்ளிக்கிழமை திண்டிவனம் போலாம், அந்த நேட்டிவிட்டிக்கு." நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினாள். "ஆனா கோவம் போகலப்பா. சீட்டு போச்சுன்னா இன்னும் அதிகமாகும். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"அதையும் டைரில எழுதிக்குங்க."

எழுதினேன். உறுதிமொழிப் படிவத்தைக் கையெழுத்து இல்லாமலே கோப்பில் வைத்தேன். கோப்பின் மேலட்டையில் இருந்த "ஏழு, சரி" என்பதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 6½ என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. 5:10க்கு எழுந்தேன். முதல் வேலையாக 2016ஆம் வருட நாட்குறிப்பை எடுத்துச் செப்டம்பர் பக்கத்தைத் திறந்தேன். "அழவில்லை" என்பதன் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில்: "அழுதாள். நான் வருவதற்குள் முகம் கழுவியிருந்தாள்." சுருக்கொப்பம், 27.6.2023. கோட்டுக்கு அடியில் பழைய சொல் படிக்கும்படி இருக்கிறது. பிறகுதான் மோட்டார் போட்டேன்.